அம்மாவின் நகையும் கெலுகோர் நிலமும்

பினாங்கில் குண்டு விழுந்த அன்று என் அண்ணன் வீட்டுக்குள் ஓடி வந்து முதலில் கேட்டது அம்மாவின் நகைப்பெட்டியை. தெருவில் ஜனங்கள் பாயும் பானையுமாக ஆயர் ஈத்தாம் மலைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒரு குழந்தையை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

"பொம்பளப் புள்ள கையில இது இருந்தா ஆபத்து. நான் வச்சிருக்கேன். நல்ல வரன் வரும்போது அப்படியே எடுத்துத் தரேன்" என்றார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா எப்போதோ காலமாகிவிட்டார். அம்மா போருக்கு இரண்டு வருடம் முன்பு போனாள். போகும் முன் எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, நகை இருபத்து நான்கு பவுனும் எனக்கு என்று சொன்னாள். அப்பாவின் சேமிப்பு முழுவதும் அண்ணனுக்குப் போயிருந்ததால் அது சரியான பங்குதான். அண்ணனும் தலையாட்டினார். எழுத்தில் எதுவும் இல்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் எழுத்து எதற்கு என்று அம்மா நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு எண்பது தாண்டிவிட்டது. கோவிலில் பார்க்கிறவர்கள், இன்னுமா அதை மனதில் வைத்திருக்கிறாய், விட்டுவிடக் கூடாதா என்கிறார்கள். விடவில்லை. விட வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஜப்பான்காரன் வந்த பிறகு அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளைக்காரன் கம்பெனியில் கணக்கெழுதியவர், மூன்று மாதத்தில் ஜப்பானியப் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு ஓர் அலுவலகத்தில் சேர்ந்துவிட்டார். பெர்மிட் வாங்க வருகிறவர்கள் அவர் கையில் எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு கட்டுக் கட்டாக வீட்டுக்கு வந்தது. அண்ணன் அவற்றை ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தார். நான் சமைத்தேன், துவைத்தேன், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன். அம்மாவின் கைச்சக்கரத் தையல் மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது. அதில் வீட்டுத் துணியெல்லாம் நான்தான் தைப்பேன். சோறு போடுகிறார்களே என்று நன்றியோடுகூட இருந்தேன். அந்த நன்றியை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது.

இரண்டாம் வருடம் ஒரு வரன் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார், கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் பக்கம் வீடு. வயதுப் பெண்களை வீட்டில் வைத்திருக்கப் பயந்து, கிடைத்த மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த காலம் அது. அவர் தன் மாமாவோடு பெண் பார்க்க வந்தார். மூலையிலிருந்த தையல் மெஷினைப் பார்த்துவிட்டு, "இது ஓடுதுங்களா?" என்று என்னிடம் நேராகவே கேட்டார். ஓடுகிறது என்றேன். "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. ஊசி உடைஞ்சு சும்மா கெடக்கு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது என்று மாமா சொல்லி அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்து அண்ணன், "ஜாதகம் ஒத்துவரல" என்றார். ஜாதகத்தை யாரிடம் காட்டினார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்த வாத்தியாருக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்தது.

விஷயம் தெரியவந்தது அடுத்த வருடம். அண்ணியின் தோட்டில் திருகாணி கழன்றுவிட்டது. சரிபண்ணி வா என்று என்னைப் பத்தரிடம் அனுப்பினாள். எங்கள் அம்மாவுக்கு நகை செய்தவர் அவர்தான். வேலையே இல்லாமல் வெறும் பட்டறையில் உட்கார்ந்திருந்தவர், என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தார்.

"ஒங்க அம்மா அட்டிகையை உருக்கறப்போ எனக்குக் கையே வரலம்மா. நான் பாத்துப் பாத்துச் செஞ்சது. ஆனா அண்ணன் செஞ்சது சரிதான் லா. நோட்டை நம்ப முடியாத காலம். நிலம்னா நிலம்."

"என்ன நிலம்?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு திருகாணியைப் பார்த்தார். "கெலுகோர்ல தென்னந்தோப்பு. பலகை வீடு ஒண்ணும் இருக்காம். ஒரு சீன மொதலாளி, தவுக்கே, அவசரமா வித்தாரு, நோட்டு வேணாம், தங்கம்தான் வேணும்னு சொல்லி. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எப்போது என்று கேட்டேன். முந்தின வருடம் தீபாவளிக்கு முன்னால் என்றார். வாத்தியார் பெண் பார்க்க வந்தது அதற்குப் பிறகு. கல்யாணம் என்றால் நகையை எடுத்து வைக்க வேண்டும். எடுத்து வைக்க நகை இல்லை. ஜாதகம் ஏன் ஒத்துவரவில்லை என்று பத்தர் பட்டறையில் நின்றபடி எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போய் அண்ணியிடம் தோட்டைக் கொடுத்துவிட்டு, அண்ணன் வரும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று சமைக்கவில்லை. அவர் வந்து தொப்பியைக் கழற்றும்போதே கேட்டேன்.

"அம்மா நகை எங்கண்ணே?"

அவர் தடுமாறவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பத்தர் சொன்னானா என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு காகிதத்தை எடுத்தார். இருபத்து நான்கு பவுன் என்று எழுதினார். போருக்கு முன்னால் ஒரு பவுன் என்ன விலையோ அதை எழுதிப் பெருக்கினார். நானூற்றுச் சொச்சம் வெள்ளி வந்தது; டாலரை நாங்கள் வெள்ளி என்போம். உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, வாழைமர நோட்டில் அந்தத் தொகையை எண்ணி என் மடியில் வைத்தார்.

"பத்து வெள்ளி கூடவே இருக்கு. கணக்கு சரியா இருக்கா பாத்துக்க."

போருக்கு முன்னால் நானூறு வெள்ளி என்றால் ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம். அன்று பசாரில் அந்த நோட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வராது.

"இது நோட்டுண்ணே. நான் தந்தது தங்கம்."

"வெள்ளின்னா வெள்ளிதான். ஜப்பான் நோட்டை வாங்கமாட்டேன்னு சொன்னா அது குத்தம், தெரியும்ல? வெளிய போய் யார்கிட்டயும் அப்படிப் பேசாத. உன் நல்லதுக்குச் சொல்றேன்."

அண்ணி கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோடு அவள் காதில் இருந்தது.

மறுநாள் காலை தையல் மெஷினையும் இரண்டு சேலைகளையும் ஒரு ரிக்சாவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மெஷினைத் தரமாட்டேன் என்று அண்ணன் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. அதற்கு ஒரு மதிப்பு உண்டென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், தமிழ் முஸ்லிம் அக்கா ஒருத்தி வீட்டின் பின்னறையைக் கொடுத்தாள். அவள் புருஷன் நாசி கண்டார் சோறு விற்றவர். குண்டு விழுந்த நாளில் போனவர் திரும்பவில்லை. வாடகைக்கு நோட்டு வேண்டாம், அவளுக்கும் பிள்ளைக்கும் துணி தைத்துக் கொடுத்தால் போதும் என்றாள்.

அறையில் உட்கார்ந்து அந்த நோட்டுக்கட்டைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. அண்ணன் எப்படிச் செய்தார் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். தன்னிடம் சேர்ந்த காகிதத்தை எனக்குத் தள்ளிவிட்டார். என்னிடமிருந்த தங்கத்தை நிலமாக்கிக்கொண்டார். வேறு யாரும் எனக்குப் பணத்தைப் பற்றிச் சொல்லித் தந்ததில்லை. என்னிடம் திருடியவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நோட்டை ஒரு நாள்கூட வைத்திருப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

பள்ளிவாசல் சாலையில் ஒரு சில்லறைச் சாமான் கடை பாதி கதவு சாத்திக் கிடந்தது. கடைக்காரர் வயதானவர், தென்காசிப் பக்கத்து ராவுத்தர். உள்ளே அநேகமாக ஒன்றும் இல்லை. ஊசி இருக்கிறதா என்று கேட்டேன். முதலில் இல்லை என்றார். நோட்டுக்கட்டை மேசைமேல் வைத்தேன்.

"நோட்டு எனக்கு எதுக்கும்மா? அரிசி வாங்கக்கூட ஆகாது."

"லைசென்ஸ் பணம் கட்டியாச்சா பாய்?"

அன்று மாலைக்குள் கடைகளெல்லாம் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும் என்று அக்கா காலையில் சொல்லியிருந்தாள். அதை நோட்டில்தான் கட்ட வேண்டும். கிழவர் எழுந்து வாசலை எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். கைத்தையல் ஊசி பன்னிரண்டு டஜன், மெஷின் ஊசி இரண்டு டஜன், நூல் பதினான்கு கட்டை. போருக்கு முன் அதன் விலை பதினைந்து வெள்ளிகூட இருக்காது. நானூறையும் கொடுத்தேன்.

"ஏமாந்துட்டோம்னு நெனக்காத தங்கச்சி" என்றார்.

நான் நினைக்கவில்லை. அந்த ஊரில் புதுத் துணி வந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஜன்னல் திரை, மாவுச் சாக்கு, குடைத்துணி என்று கிடைத்ததையெல்லாம் ஜனங்கள் உடுத்தினார்கள். கிழிந்ததைத் தைக்க ஊசி இல்லை. நூலுக்காக அன்னாசி இலையிலிருந்து நார் உரித்தார்கள். என் அறையில் ஊசி இருக்கிறது என்ற செய்தி இரண்டே நாளில் பரவியது.

யாரிடமும் நோட்டு வாங்கவில்லை. ஒரு கை ஊசிக்கு இரண்டு வாத்து முட்டை. சாக்கில் கால்சட்டை தைக்க அரைக் கட்டி எடை அரிசி. கட்டில் விரிப்பை வெட்டி இரண்டு சட்டையாக்கினால் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய். மாக் மண்டின் கம்பத்தில், அதாவது கிராமத்தில், நெல் விளைந்தது. அங்கிருந்து ஒரு மலாய் அக்கா படகில் வந்து, தன் கம்பத்துக்காரர்கள் துணியையெல்லாம் மூட்டையாகக் கொடுத்துவிட்டு, அரிசியைச் சாரோங்கில் கட்டி மறைத்துக் கொண்டுவருவாள். அந்த ஊர்ப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் வாத்தியார் ஞாபகம் வரும். மெஷின் சக்கரத்தை வேகமாகச் சுற்றுவேன்.

கிடைத்ததில் பாதியைத்தான் சாப்பிட்டேன். மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு அரிசியைச் சேர்த்தேன். சேர்ந்ததில் கொஞ்சத்தை, ராஜா தலை போட்ட பழைய வெள்ளிக்காசாக மாற்றி மெஷினின் மரப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன். அக்கா கேட்டாள், "இப்படி வயித்தக் கட்டி யாருக்குச் சேக்கற?"

"எங்க அண்ணனுக்கு" என்றேன். அவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.

அண்ணனைப் பற்றிய செய்தி எனக்கு வந்துகொண்டே இருந்தது. தைக்க வருகிற பெண்களிடம் நானே கேட்டுத் தெரிந்துகொள்வேன். கடைசி வருடம் ஆரம்பத்தில், ஒரு ஜப்பான் அதிகாரி அவரை அலுவலகத்தில் எல்லோர் முன்னும் கன்னத்தில் அறைந்து வேலையை விட்டு நீக்கினான் என்று கேள்விப்பட்டேன். பெர்மிட் விஷயமாம். அன்று எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்வதற்குத்தானே எழுதுகிறேன்.

வேலை போனதும் ரேஷன் அரிசியும் நின்றது. தகரப் பெட்டி நோட்டைக் கூடையில் சுமந்து போனாலும் பசாரில் கூடையைத்தான் கேட்டார்கள். தோப்பிலிருந்து ஒரு தேங்காய்கூட வரவில்லை. பலகை வீட்டில் குடியிருந்தவர்களே பறித்துத் தின்றார்கள். அண்ணனால் என்ன செய்ய முடியும்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணி என் அறை வாசலில் வந்து நின்றாள். காதில் தோடு இல்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. இரண்டு குழந்தைகளும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. சின்னவளுக்குக் கால் வீங்கியிருந்தது.

"கொஞ்சம் அரிசி குடு. அவருக்குத் தெரியாது நான் வந்தது" என்றாள்.

குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக் கஞ்சி ஊற்றினேன். அவர்கள் தின்று முடித்ததும் பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். பிறகு சொன்னேன்.

"பிள்ளைங்களைத் தெனமும் அனுப்புங்க. ரெண்டு வேளையும் இங்க சாப்பிடட்டும். அதுக்கு ஒண்ணும் வேணாம். உங்களுக்கும் அண்ணனுக்கும் அரிசி வேணும்னா, அண்ணனையே வரச் சொல்லுங்க. கெலுகோர் கிராண்டை எடுத்துக்கிட்டு வரணும்."

கிராண்ட் என்பது நிலப் பத்திரம். அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கூடப்பொறந்தவர்டி" என்றாள்.

"ஆமா. அதனாலதான் விக்கிறேன். வேற யாருக்கும் இவ்வளவு அரிசி தரமாட்டேன்."

பதினோரு நாள் அண்ணன் வரவில்லை. குழந்தைகள் வந்தார்கள், தின்றார்கள், போனார்கள். அப்பா எழுந்திரிக்க முடியாமல் படுத்திருக்கிறார் என்று பெரியவள் சொன்னாள். நான் அரிசி மூட்டையைப் பார்த்தேன். கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தது. மடியில் நோட்டை எண்ணி வைத்த கையை நினைத்துக்கொண்டேன். நினைப்பு போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் வந்தார். சுவரைப் பிடித்தபடி நின்றார். பேரம் பேசும் தெம்பு இல்லாவிட்டாலும் பேசிப் பார்த்தார்.

"ஒரு ஏக்கருக்கு மேல இருக்கு. வீடு வேற இருக்கு. நாலு மூட்டையாவது குடு."

"ரெண்டு மூட்டை அரிசி, ஒரு டின் எண்ணெய், ரெண்டு மாசத்துக்குக் கருவாடு."

"சண்டை முடிஞ்சா அது என்ன விலை போகும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணே."

அந்த நேரத்தில் சொல்வதற்கென்று நான் பல மாதமாக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். கணக்கு சரியா இருக்கா பாத்துக்க என்று அவரைப் போலவே சொல்ல வேண்டும் என்று மெஷின் சுற்றும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாய் திறந்தால் குரல் நடுங்கும்போல இருந்தது. அதனால், "நாளைக்கு நில ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்கள். அங்கே வேலை செய்த குமாஸ்தா பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "தங்கச்சிக்கா எழுதி வைக்கிறீங்க? நல்ல மனசு" என்றார். என் அரிசியில் முக்கால்வாசி அன்று போய்விட்டது. அடுத்த இரண்டு மாதம் மரவள்ளியிலேயே ஓடியது.

பஞ்ச காலத்தில் அண்ணன் ரத்தத்தை உறிஞ்சியவள் என்று ஊரில் பேசினார்கள். துணி தைக்க வந்த ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அவள் ரவிக்கைக்குக் கூலி பேசினபடி வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

பிறகு ஜப்பான்காரன் சரணடைந்தான். வாழைமர நோட்டுக்கு ஒரு காசும் இல்லை என்று அறிவித்தார்கள். அண்ணனின் தகரப் பெட்டியைக் கவிழ்த்து, பிள்ளைகள் அதில் காற்றாடி செய்தார்கள். வெள்ளைக்காரன் திரும்ப வந்து ஊர் கொஞ்சம் ஓய்ந்ததும், அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. பட்டினியைக் காட்டி மிரட்டி நிலத்தை எழுதி வாங்கினாள் என்று என்மேல் ஒரு வக்கீலிடம் போனார்.

வக்கீல் கோர்ட்டுக்குப் போகும் முன் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். தமிழர், கண்ணாடி போட்டவர், நிதானமாகப் பேசுகிறவர். அண்ணன் அரிசிக் கணக்கையெல்லாம் சொல்லி முடித்தார்.

"சரி. இந்த நிலத்தை நீங்க என்ன குடுத்து வாங்கினீங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"தங்கம்."

"அவ்வளவு தங்கம் ஏது?"

அண்ணன் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "சொல்லுங்கண்ணே. அம்மா எனக்குத் தந்த நகைன்னு சொல்லுங்க."

"அதுக்கு நான் பணம் குடுத்துட்டேன்" என்றார் அவசரமாக. "போருக்கு முந்தின விலைப்படி, பத்து வெள்ளி கூடவே போட்டு."

"எந்தப் பணத்துல?" என்றார் வக்கீல்.

அண்ணன் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இருந்த பணத்துலதான்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நகைக்கு நீங்க வாழைமர நோட்டு குடுத்தது செல்லும், நிலத்துக்கு உங்க தங்கச்சி அரிசி குடுத்தது செல்லாதா? இதைக் கோர்ட்டுல கொண்டுபோய்ச் சொன்னா, எனக்குத்தான் வெக்கமா இருக்கும். வீட்டுக்குப் போங்க."

அந்த அறையிலிருந்து அண்ணன் எழுந்து போனதை நான் உட்கார்ந்தபடியே பார்த்தேன். கதவைத் தள்ள வேண்டியிருக்க, அவர் இழுத்துக்கொண்டே நின்றார். நான் எழுந்து உதவவில்லை.

கெலுகோர் பலகை வீட்டில் இருந்தவர்களிடம் மாத வாடகை பேசினேன். தேங்காயைக் குத்தகைக்கு விட்டேன். வெள்ளிக்காசை முதலாக வைத்து இன்னொரு மெஷின் வாங்கினேன். தையல் கூலியில் சாப்பாடு, வாடகையை மட்டும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். சேர்ந்த வாடகையில் பத்து வருடத்துக்கு ஒன்றாக அந்த நிலத்திலேயே வீடு கட்டினேன். பக்கத்தில் பல்கலைக்கழகம் வந்த பிறகு, மாணவர்கள் அறை கேட்டு வாசலில் நின்றார்கள். ஒரு நாளும் எவர் கையையும் எதிர்பார்த்து நான் நின்றதில்லை. காதில் கழுத்தில் பொட்டுத் தங்கம் போட்டதில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்த வாத்தியாரை ஒருமுறை ஃபெர்ரியில் பார்த்தேன், மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும். என்னை அடையாளம் தெரியவில்லை. நிலத்தைத் திருப்பி வாங்கிய எனக்கு அந்தக் கல்யாணத்தைத் திருப்பி வாங்க வழியில்லை. அதற்காகவே அண்ணனோடு நான் சாகும்வரை பேசக்கூடாது என்று அன்று ஃபெர்ரியில் நினைத்தேன். பேசவும் இல்லை.

அவர் செத்தபோது போனேன். பிள்ளைகள் வந்து கூப்பிட்டார்கள். கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள், அவர்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் உன்னத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு" என்றாள்.

"என்னன்னு?"

அண்ணி தயங்கினாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "திட்டிக்கிட்டுத்தான் இருந்தாரு. தூக்கத்துலகூட."

எனக்கு மனம் குளிர்ந்தது. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தேன்.